துறைமுகம் நின்னா அம்பத்தூரில் ஓவர்டைம் 'கட்'!

புயலும் செங்கடலும் நம்ம பாக்கெட்டில் கை வைப்பது எப்படி?

அம்பத்தூர்:–
கப்பலுக்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைப்பவர், பூந்தமல்லி ரோட்டில் டிரெய்லர் ஓட்டுபவர் என்று பல பேருக்கு கடல்தான் படி அளக்குது.

கேட் மூடுவதற்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாவிட்டால், அந்தப் பெட்டிக்கு அடுத்த கப்பல்தான். அதுவரை வாடகை ஏறும். பில் பணம் தள்ளிப்போகும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய உதிரிபாகம் லேட்டானால் மெஷின் சும்மா நிற்கும். முதலில் கை வைப்பது ஓவர்டைமில்தான்.

3 துறைமுகம், ஒரே புயல்

நமக்கு சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று 3 துறைமுகம் இருக்கு. ஒன்றில் நெரிசல் என்றால் இன்னொன்று கை கொடுக்கும். ஆனால் மூன்றும் பக்கத்து பக்கத்தில்! 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜம் என்று புயல் வந்தால் எல்லாத்துக்கும் சேர்த்துதான் அடி. அலையில் சுவரில் மோதிவிடும் என்று கப்பல்களை நடுக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். மிக்ஜம் மழையில் தொழிற்பேட்டையும் வெள்ளத்தில் மிதந்தது. தூத்துக்குடிக்கு திருப்பலாம்தான். ரோட்டில் 600 கிலோ மீட்டர், டீசல் யார் போடுவது?

நம்ம கையில் இல்லாத கடலும் உண்டு. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் 6 நாள் குறுக்கே மாட்டியது. 2023 கடைசியில் செங்கடலில் ஹவுதிகள் தாக்க ஆரம்பித்ததும், ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கிட்டத்தட்ட 2 வாரம் கூடுதல்.

பாதியில் நின்ற தூண்கள்

கடலைத் தாண்டினாலும் ரோடு இருக்கே! மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல். 2012-ல் வேலை நின்றது. கூவம் ஓரம் மொட்டைத் தூண்களைப் பார்த்தே பஸ்சில் போனோம். 2022-ல் இரண்டடுக்கு பாலமாக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். 13 வருஷம்!

இதற்கு நடுவே கை கொடுத்தது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக, நகருக்குள் நுழையாமலே எண்ணூர் பக்கம் போய்விடலாம். ஆனால் துறைமுக வாசலில் வரிசை நின்றால் எந்த ரோடும் உதவாது. டிரிப் அடிச்சாத்தான் டிரைவருக்கு பேட்டா. கியூவில் நிற்கும் நாளில் சாப்பாட்டு செலவும் அவர் தலையில்தான்.