கீரைச் சாறு பிழிய எந்த எந்திரம்?

அறுகம்புல் சாறும் கீரைச் சாறும் குடிக்கும் பழக்கம் மும்பைத் தமிழர்களிடமும் உண்டு. இதற்கென்றே கடைகளில் "ஸ்லோ ஜூசர்" விற்கிறார்கள். விலை பல ஆயிரம் ரூபாய்!

சாதாரண ஜூசர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும். பழத்துக்குச் சரி. கீரையைப் போட்டால் சாற்றில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்.

ஸ்லோ ஜூசர் சுமார் 40 முதல் 80 முறைதான் சுற்றும். உள்ளே உள்ள திருகு, கரும்பு ஆலை போல இலையை நசுக்கிப் பிழிகிறது.

இதில் 2 வகை. நின்ற வாக்கில் இருப்பது இடத்தை அடைக்காது. ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு ஏற்றது. ஆனால் நார் சிக்கிக்கொள்ளும். பொடியாக நறுக்கிப் போட வேண்டும். படுத்த வாக்கில் இருப்பது வேலையில் மந்தம். ஆனால் புல், கீரைக்கு அதுதான் மேல். கையால் சுற்றும் வகையும் உண்டு. கரண்டு செலவு இல்லை.

"சத்து அப்படியே இருக்கும்" என்று விற்பவர் சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். எதில் பிழிந்தாலும் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையில்தான் போகும். வீட்டு மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தாலும் சாறு கிடைக்கும். நுரை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குப் பாலக் கீரைச் சாறு ஆகாது. அதில் ஆக்சலேட் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் எந்தக் கீரைச் சாற்றையும் தொடங்கக் கூடாது.