டாக்டர் பெயருக்கு நேரே இத்தனை பணமா?



போன மாதம் ஒரு நாள். காலைப் பெரட்டு முடிந்து, மருந்துக்கு வந்தவர்கள் கூட்டமும் குறைந்திருந்த நேரம். நம் லயத்துப் பாட்டி ஒருவர் கைப்பேசியைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வந்தார். "தம்பி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. பேத்தி அழுதுக்கிட்டே பேசுது" என்றார்.

பாட்டியின் பேத்தி அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மாமனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது; அந்நாட்டுக் குடிமகன். அவருக்கு மைலோமா என்கிற நோய். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் தோன்றும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் அது. புற்றுநோய்க்கும் இரத்த நோய்க்கும் சேர்த்துப் படித்த ஸ்பெசலிஸ்ட் ஒருவரிடம் வைத்தியம் நடக்கிறது. பேத்தி சும்மா இராமல், அந்த டாக்டரின் பெயரைப் போட்டு அரசாங்கக் கணக்கைத் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரே வருடத்தில் ஒரு மில்லியன் டாலருக்கு மேல் அவர் பெயருக்கு நேரே நிற்கிறது! ஆயிரக்கணக்கில் 'சேவைகள்' என்றும் போட்டிருக்கிறது. "இந்த ஆளு பணம் பிடுங்குறவரா? மாமாவ வேற டாக்டர்கிட்ட மாத்திடவா?" என்பதுதான் பேத்தியின் கேள்வி.

பாட்டிக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்கா எங்கே, நம் செம்பனைத் தோட்டம் எங்கே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். டாக்டரைப் பற்றிய விவரங்கள் நம் ஊரிலும் இப்போது கைப்பேசியில் கிடைக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரியாவிட்டால் நல்ல டாக்டரை விட்டு ஓடுவோம், அல்லது பொல்லாதவரிடம் போய் உட்கார்ந்துகொள்வோம்.

முதலில் அது என்ன கணக்கு என்று பார்ப்போம். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூட்டரசு நடத்தும் மருத்துவக் காப்புறுதி ஒன்று உண்டு. மெடிகேர் என்று பெயர். 1965ல் சட்டமானது. ஒரு டாக்டர் மெடிகேர் நோயாளியைப் பார்த்தால் அரசாங்கத்துக்குக் கணக்கு அனுப்புவார். அரசாங்கம் பணம் கொடுக்கும். எந்த டாக்டருக்கு எவ்வளவு போனது என்பதைப் பொதுமக்கள் நெடுங்காலம் பார்க்க முடியாது. டாக்டர்கள் வழக்குப் போட்டு, 1979ல் புளோரிடா நீதிமன்றம் ஒன்று அதை வெளியிடக்கூடாது என்று தடை போட்டிருந்தது. ஒரு பத்திரிகை நிறுவனம் நீதிமன்றம் போய், 2013ல்தான் அந்தத் தடை நீங்கியது. 2014 ஏப்ரலில் முதல் கணக்கு வெளிவந்தது. 2012ஆம் ஆண்டில் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான டாக்டர்களுக்கும் மற்ற மருத்துவப் பணியாளர்களுக்கும் போன 77 பில்லியன் டாலர், பெயர் பெயராக!

மக்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று மக்கள் பார்ப்பது நியாயம்தான். சங்கத்துக் கணக்கை நாம் ஆண்டுக் கூட்டத்தில் கேட்பதில்லையா? ஆனால் கணக்கைக் காட்டுவது ஒன்று, அதைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று.

இப்போது அந்த மில்லியன் டாலருக்கு வருவோம். நம் தோட்டத்தில் உரம் போட ஒரு கொந்தராக்டர் வருகிறார் என்று வையுங்கள். உரத்தையும் அவரே வாங்கிக்கொண்டு வந்து போட வேண்டும். ஆபீஸ் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒரு லட்சம் வெள்ளி இருக்கும். அவ்வளவும் அவர் பையிலா போகிறது? பெரும்பகுதி உரக் கம்பெனிக்கு. புற்றுநோய் டாக்டரின் கதையும் இதுதான். தோல் டாக்டர் பெரும்பாலும் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார், நீங்கள் கடையில் வாங்குவீர்கள். புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்தை அமெரிக்க டாக்டர் தாமே முன்பணம் போட்டு வாங்கித் தம் கிளினிக்கில் வைத்து ஏற்றுகிறார். பிறகு அரசாங்கத்திடம் அந்த விலையைத் திரும்பக் கேட்கிறார். ஒரு ஊசி ஆயிரக்கணக்கான டாலர் விலை. ஆகவே புற்றுநோய், இரத்த நோய் டாக்டர்களின் பெயர் எப்போதும் மேல்வரிசையில்தான் நிற்கும்.

இதில் ஒரு கோணலும் உண்டு, மறைக்கக்கூடாது. 2005 முதல் அரசாங்கம் அந்த மருந்துக்குச் சராசரி விற்பனை விலையும் அதற்கு மேல் 6 விழுக்காடும் கொடுக்கிறது. (2013 முதல் பொதுச் செலவுக் குறைப்பால் கைக்கு வருவது கொஞ்சம் குறைவு.) நூறு டாலர் மருந்தில் ஆறு டாலர், பத்தாயிரம் டாலர் மருந்தில் அறுநூறு டாலர். விலை கூடிய மருந்தை எழுதினால் டாக்டருக்கு இலாபம் கூடும் என்று அங்கேயே பலர் குறை சொல்கிறார்கள். என் கருத்தும் அதுதான். நல்ல மனுசனையும் சபலப்படுத்துகிற ஏற்பாடு அது.

அடுத்தது அந்த ஆயிரக்கணக்கான 'சேவைகள்'. பேத்தியை அதிகம் பயமுறுத்தியது இதுதான். "ஒரு மனுசன் வருசத்துக்கு இத்தன ஆயிரம் ஊசி போட முடியுமா தம்பி?" என்று பாட்டியும் கேட்டார்.

பாட்டிக்குச் செம்பனைக் குலையைக் காட்டித்தான் விளக்கினேன். குலையாக எண்ணினால் ஒன்று. அதையே உதிரிப் பழமாக எண்ணினால் ஆயிரத்துக்கு மேல் வரும். காடு மாறவில்லை, பழம் மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. மைலோமாவுக்குப் போடும் போர்டெசோமிப் என்ற மருந்தை அந்தக் கணக்கில் ஊசியாக எண்ணுவதில்லை. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை ஒரு சேவையாக எண்ணுகிறார்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 2.2 மில்லிகிராம் போட்டால் ஏட்டில் 22 சேவை. எலும்பு தேயாமல் இருக்கப் போடும் டெனோசுமாப் மருந்துக்கு ஒரு மில்லிகிராம் ஒரு சேவை. ஒரு ஊசி 120 மில்லிகிராம். ஒரே ஒரு ஊசி, 120 சேவை! இப்படிப் பத்து நோயாளிக்கு மாதம் ஒன்று போட்டாலே வருடத்தில் 14,400 ஆகிவிடுகிறது. ஆகவே சேவை எண்ணைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னேன்.

அதுவும் முழுக் கணக்கு அல்ல. ஒரு வைத்திய முறைக்கு 11 பேருக்குக் குறைவாக நோயாளிகள் இருந்தால், யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்பதால் அந்த வரியையே மறைத்துவிடுகிறார்கள். தனியார் காப்புறுதியில் வருகிறவர்கள் இதில் இல்லை. மெடிகேரிலேயே தனியார் கம்பெனி நடத்தும் திட்டத்தில் சேர்ந்தவர்கள், இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள், அவர்களும் இல்லை. மறுபக்கம், டாக்டருக்குக் கீழே தாதியர் செய்யும் வேலையும் பல இடங்களில் டாக்டர் பெயரிலேயே ஏறிவிடும்.

வேறு இரண்டு ஏடுகளும் அங்கே உண்டு. ஒன்றில் ஒவ்வொரு டாக்டருக்கும் பத்து இலக்க எண், கிளினிக் முகவரி, எந்தத் துறை என்ற விவரம் இருக்கும். இன்னொன்று கொஞ்சம் சுவையானது. மருந்துக் கம்பெனிகள் எந்த டாக்டருக்கு என்ன கொடுத்தன, சாப்பாடா, பிரயாணச் செலவா, ஆலோசனைக் கட்டணமா என்று வரி வரியாக இருக்கும். 2014 செப்டம்பரில் அது முதலில் வெளிவந்தது. பேத்தியின் டாக்டர் பெயரில் சில மதியச் சாப்பாடுகள் இருந்தன. பாட்டி சிரித்துவிட்டார்: "நம்ம ஊர் மண்டோருக்கு வாங்கிக் கொடுக்குற தேத்தண்ணிகூட எழுதி வைக்கிறாங்களா!"

சரி, பணம் அதிகம் என்றால் கெட்டவர் இல்லை. அப்படியானால் பயமே வேண்டாமா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டியிடம் மிச்சிகன் மாநிலத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கே ஃபரீட் ஃபாட்டா என்ற டாக்டர் இருந்தார். அவரும் புற்றுநோய், இரத்த நோய் ஸ்பெசலிஸ்ட்தான். பல கிளினிக்குகள், பெரிய பெயர். 2013ல் ஒரு பெண்மணி, மைலோமா என்று அவர் சொன்னதை நம்பி முதல் மருந்து ஏற்றிக்கொண்டார். அதே நாளில் வீட்டில் விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க வந்தவர் அதே கிளினிக்கில் வேலை செய்த இன்னொரு டாக்டர். அவர் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார். மைலோமாவுக்கு அடையாளமே இல்லை! அந்தச் செய்தி கிளினிக் மேலாளர் காதுக்குப் போய், அவர் அரசாங்கத்துக்குச் சொல்ல, 2013 ஆகஸ்டில் ஃபாட்டா கைதானார். புற்றுநோய் இல்லாதவர்களுக்கும், மருந்து தேவைப்படாதவர்களுக்கும் ஏற்றியதாக அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்கள் 553 பேர் என்று அரசுத் தரப்பு கணக்குக் கொடுத்தது. 2015 ஜூலையில் 45 ஆண்டு சிறை.

கவனியுங்கள். அவரைப் பிடித்தது பணக்கணக்கு அல்ல. கணக்கு வெளிவரும் முன்பே அவர் பிடிபட்டுவிட்டார். முன்பே வெளிவந்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? பெரிய தொகை தெரிந்திருக்கும். அடுத்த ஊர் நேர்மையான டாக்டர் பெயரிலும் பெரிய தொகைதான் இருந்திருக்கும். மருந்து தேவையா இல்லையா என்பது எந்த அரசாங்க ஏட்டிலும் இல்லை. அது நோயாளியின் சொந்தப் பரிசோதனைத் தாளில் இருக்கிறது. அந்தத் தாளை இன்னொரு டாக்டர் வாசித்ததால்தான் அந்தப் பெண்மணி பிழைத்தார்.

ஆகவே பேத்திக்கு நான் சொல்லியனுப்பியது இது. பணக்கணக்கை மூடி வை. மாமாவின் மஜ்ஜைப் பரிசோதனை முடிவு, இரத்தத்திலும் சிறுநீரிலும் புரதம் பார்த்த முடிவு, எலும்புப் படம், இந்த மூன்றின் நகலையும் டாக்டரிடம் கேள். அவற்றை எடுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேள். ஆனால் அதுவரை நடக்கிற மருந்தை நீயாக நிறுத்தாதே.

நகல் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று நம் ஆட்களுக்குப் பெரிய பயம். பாட்டிக்கும் அதே பயம். பேத்தி கேட்டிருக்கிறார், அந்த டாக்டர் அன்றைக்கே கொடுத்துவிட்டாராம், வேறு ஒரு ஸ்பெசலிஸ்டின் பெயரையும் அவரே எழுதிக் கொடுத்தாராம். இரண்டாவது டாக்டரும் மைலோமாதான் என்று சொல்லிவிட்டார். நோய் இல்லை என்று வந்திருந்தால் பாட்டிக்கு இன்னும் சந்தோசமாக இருந்திருக்கும். ஆனாலும் பேத்தி இப்போது தூங்குகிறாராம்.

இனி நம் ஊர் விசயம். நம்மிடம் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேடு இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. டாக்டர் பெயரைப் போட்டால் பதிவு பெற்றவரா, இந்த வருடத்துத் தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். (எங்களைப் போன்ற தோட்டத்து ஆஸ்பத்திரி அசிஸ்டண்டுகளுக்கும் 1965 முதல் தனிப் பதிவுச் சட்டம் உண்டு. சந்தேகமிருந்தால் என்னையும் கேளுங்கள், கோபிக்க மாட்டேன்.) ஸ்பெசலிஸ்டுகளுக்குத் தனிப் பதிவேடு 2006ல் தொடங்கியது, 2017 ஜூலை முதல் சட்டப்படி கட்டாயமானது. போர்டில் 'புற்றுநோய் நிபுணர்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு பணம் போனது என்பது அதில் இராது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. நம் ஆட்களை ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பதிவேட்டிலேயே இல்லாதவர்கள்தானே. புற்றுநோய்க்குப் பொடி விற்கிறவர்களைச் சொல்கிறேன்.

மைலோமாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. குலை வெட்டுகிற, பழம் தூக்குகிற நமக்கு முதுகுவலி புதிதல்ல. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். ஆனால் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல், படுத்தாலும் விடாத முதுகுவலியோடு இரத்தச் சோகை, உடல் மெலிவு, அடிக்கடி காய்ச்சல், காரணமில்லாத எலும்பு முறிவு என்று சேர்ந்து வந்தால் எண்ணெயை வைத்துவிட்டு என்னிடம் வாருங்கள். இரத்தம் எடுத்து, தேவைப்பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். இரத்த நோய்களுக்கு அம்பாங் மருத்துவமனையில் பெரிய பிரிவு இருக்கிறது. வழி அனுப்ப வேண்டியது என் வேலை.

யாருடைய டாக்டரைப் பற்றியாவது பதிவேட்டில் பார்க்க வேண்டுமானால் பகல் மருந்து கொடுத்து முடிந்தபின் வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். வரும்போது டாக்டரின் முழுப் பெயரை எழுதி வாங்கி வாருங்கள். 'டாக்டர் குமார்' என்று மட்டும் போட்டால் ஒரு பட்டியலே வந்து நிற்கிறது.