பாலாற்றுக்கு ஒரு நாற்காலி

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் மூன்று தலைமுறையாகத் தோல் தொழில் செய்யும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பெரியவருக்குக் குறைந்தது மூன்று போர்டு மீட்டிங்காவது இருக்கும்.

முதலாவது சொந்தக் கம்பெனி. பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டப்படி இரண்டு இயக்குநர்கள் போதும். அப்பா சேர்மன், மகன் எம்.டி., சித்தப்பா இயக்குநர். முடிவெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே ஆகிவிடும், மினிட்ஸ் புத்தகத்தை ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ஊருலகத்தில் பாதிக் கம்பெனிகள் இப்படித்தான் நடக்கின்றன. பணமும் அவர்களுடையது, நஷ்டம் வந்தால் அதுவும் அவர்களுடையது.

இரண்டாவது கல்விச் சங்கம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல் வந்தது, ஒரு தோல் வியாபாரியின் பெயரைத் தாங்கி. இந்தப் பக்கத்துப் பள்ளி, கல்லூரிகள் பலவற்றின் அஸ்திவாரத்தில் தோல் காசு இருக்கிறது. சங்கங்களுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 பொருந்தும்: செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட்ட வேண்டும். திரும்பத் திரும்ப அதே ஆட்களையே தேர்ந்தெடுக்கத் தடையில்லை. தேர்தல் தகராறு கோர்ட்டு வரை போவதும் உண்டு. ஆனாலும் இங்கே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. பிள்ளை அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான். ஃபீஸ் ஏறினாலோ வாத்தியார் வரவில்லை என்றாலோ அன்று சாயங்காலமே டீக்கடைக்குச் செய்தி வந்துவிடும்.

மூன்றாவது போர்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கம்பெனி. வாணியம்பாடிக்கு வானிடெக், ஆம்பூருக்கு ஆம்பூர்டெக், ராணிப்பேட்டைக்கு ரானிடெக் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். டேனரிகள் கூடிப் பங்கு போட்டு, அரசு மானியத்தோடு தொடங்கியவை இவை. பங்குதாரர்கள் டேனரிக்காரர்கள். கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள். போர்டில் உட்கார்ந்து அந்தக் கட்டணத்தை முடிவு செய்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. கம்பெனி சரியாக நடக்காவிட்டால் நஷ்டப்படுகிறவர் மட்டும் அந்த அறையில் இல்லை. அவர் பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருக்கிற விவசாயி.

இந்தக் கம்பெனிகள் யாரோ ஆசைப்பட்டு ஆரம்பித்தவை அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் அரைகுறையாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும், ஆபத்து நிரூபணமாகும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்துக்குள் வலுவாகக் கால் ஊன்றியது இந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் வேலூரின் பெயரை மனப்பாடம் செய்வது இதனால்தான். தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. ஆளுக்கு வகுத்துப் பார்த்தால் சராசரி பத்தாயிரம் ரூபாயை எட்டவில்லை.

சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் டேனரியைத் திறக்க முடியாது என்ற நெருக்கடியில் இந்தக் கூட்டுக் கம்பெனிகள் வேகமெடுத்தன. இயந்திரம் எப்படி இருக்க வேண்டும், வெளியேறும் தண்ணீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கெல்லாம் அளவுகோல் வந்தது. இயந்திரத்தை ஓட்டும் போர்டு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் போர்டின் முன் வரும் விஷயங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்த தண்ணீர், சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர், குரோம் டிரம்மில் இருந்து வரும் தண்ணீர் எல்லாம் குழாய் வழியே நிலையத்துக்கு வந்து சேரும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நாளைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தபிறகு தண்ணீரை ஆர்.ஓ. வழியே பிரித்து, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அந்த எவாப்பரேட்டர் கரண்டையும் விறகையும் விழுங்கும். கடைசியில் மிஞ்சுவது உப்பும் ஸ்லட்ஜ் என்னும் கழிவுச் சேறும். ஆக மீட்டிங்கில் வருவது சுற்றிச் சுற்றி நாலே கேள்வி. கட்டணத்தை ஏற்றலாமா? அளவுக்கு மேல் விடுகிறவரின் வால்வை மூடலாமா? பாக்கி வைத்திருப்பவரை என்ன செய்வது? குவிந்து கிடக்கும் ஸ்லட்ஜை அப்புறப்படுத்த யார் பணம் போடுவது?

நாலு கேள்விக்கும் சரியான பதில் சொன்னால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் செலவு. வால்வை மூடச் சொல்ல வேண்டிய ஆள் மூன்றாவது நாற்காலியில் இருப்பவருக்கு மச்சானாக இருப்பார், இல்லையென்றால் போன மாதம் அவசரத்துக்கு வெட்-ப்ளூ (பாதி பதனிட்ட தோல்) கடன் கொடுத்தவராக இருப்பார். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எந்த மனிதரையும் தன் பில்லுக்குத் தானே கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காரவைத்தால் இதுதான் நடக்கும்.

கம்பெனிச் சட்டம், 2013 இதை யோசிக்காமல் இல்லை. 184ஆம் பிரிவு, ஒரு ஒப்பந்தத்தில் சொந்த ஆதாயம் உள்ள இயக்குநர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த விவாதத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்கிறது. ஆதாயம் உள்ளவர்களே போர்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருந்தால்? 174ஆம் பிரிவு அதற்கும் வழி சொல்கிறது: சம்பந்தமில்லாத இயக்குநர்கள் குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் கோரம். அதாவது எல்லோரும் சம்பந்தப்பட்டவர்களாக இருக்கும் ஒரு போர்டை இந்தச் சட்டம் கற்பனைகூடச் செய்யவில்லை. 2015 ஜூனில் வந்த அறிவிப்பு பிரைவேட் கம்பெனிகளுக்கு 184இன் விலகல் விதியைத் தளர்த்தியது. ஆதாயத்தைச் சொல்லிவிட்டால் போதும், அங்கேயே உட்கார்ந்து பேசலாம். லாப நோக்கமில்லாத 8ஆம் பிரிவுக் கம்பெனிகளுக்கும் அதே சமயத்தில் பல சலுகைகள். ஆண்டுக்கு நாலு மீட்டிங் என்ற கட்டாயம் அவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. குடும்பக் கம்பெனிக்கு இது நியாயமான சலுகை. ஊர்க் கழிவைச் சுமக்கும் கம்பெனிக்கும் அதே சலுகை கிடைப்பது நியாயமா?

166ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும். இயக்குநர் உறுப்பினர்களுக்காக மட்டுமல்ல, தொழிலாளர்களுக்காகவும் சமூகத்துக்காகவும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும் என்கிறது அது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை. எவாப்பரேட்டரைச் சில நாள் நிறுத்தி வைத்தால் மிச்சமாகும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க ஆடிட்டர் தேவையில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸ்லட்ஜைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அது சரிந்தது. பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு நிறுவனத்தின் நிர்வாகிகள் மீது வழக்குப் பாய்ந்தது, கைதும் நடந்தது. ஸ்லட்ஜ் ஒரே ராத்திரியில் குவிவதில்லை. மாதக்கணக்கில் ஏறி வந்திருக்கும். அந்த மாதங்களில் எத்தனை மீட்டிங், எந்த மினிட்ஸில் அது எப்படி எழுதப்பட்டது என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சுவரின் கனம் பற்றிப் பேசிய அளவுக்கு அதை யாரும் பேசவில்லை.

இதே மண்ணில் வேறு மாதிரி ஒரு போர்டும் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சையகம்தான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி. அதை நடத்துவது ஒரு சங்கம். அதன் கவுன்சிலில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திருச்சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் அனுப்பும் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். டைரக்டரை நியமிப்பது அந்தக் கவுன்சில். அங்கே வருகிறவர்களில் பலருக்கு வேலூரில் கடையோ வியாபாரமோ கிடையாது. டைரக்டரைக் கேள்வி கேட்டுவிட்டு ரயிலேறிவிடலாம், மறுநாள் காலை அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. இதில் குறையும் உண்டு. முடிவுகள் மெதுவாக வரும், தூரத்தில் இருப்பவருக்கு வார்டின் நாடி தெரியாது. ஆனால் 2017இல் நீட் தேர்வை எதிர்த்து நின்ற சி.எம்.சி., எம்.பி.பி.எஸ். இடங்கள் நூறில் ஒன்றை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதைக் காலியாக விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு வாதம். வருமானத்தையும் பெயரையும் பணயம் வைத்து ஒரு நிறுவனம் அப்படி நிற்க வேண்டுமென்றால், மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இடங்களால் சொந்த லாபம் எதுவும் இருக்கக் கூடாது.

வெளியாள் வந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நான் நம்பவில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், மத்திய அமைச்சரவையின் முன்னாள் செயலர் இருந்தார், ஐ.எஸ்.பி. டீன் இருந்தார். 2008 டிசம்பரில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் குடும்பத்தின் மேட்டாஸ் கம்பெனிகளைச் சத்யம் பணத்தில் வாங்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் போர்டு ஒப்புதல் கொடுத்தது. தடுத்தது பங்குதாரர்களின் கோபம்தான். அடுத்த மாதமே ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். நிர்வாகம் நீட்டும் காகிதத்தை மட்டும் படிக்கிற வெளியாளால் பிரயோஜனமில்லை. தன் கிணற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) ஏறியிருப்பதைத் தன் மாடு குடிக்க மறுப்பதிலிருந்தே தெரிந்துகொள்கிற ஆளுக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை.

டேனரிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நாங்கள் பணம் போட்டோம், கடன் வாங்கினோம், ஐரோப்பாக்காரர் ஆர்டரைக் கேன்சல் செய்தால் நாங்கள்தான் மூழ்குவோம், சல்லிக்காசு போடாதவருக்கு எதற்கு ஓட்டு என்று கேட்கலாம். பணம் போடாதவர் இழந்தது என்ன என்பதற்குக் கோர்ட்டிலேயே கணக்கு இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அந்தக் கணக்கை எடுத்தது. பாக்கி இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம். கோர்ட்டும் கலெக்டரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வாசலில் நின்று பார்க்கிற ஏற்பாடு இவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறது.

உள்ளே நாற்காலி போடப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. விவசாயிகள் தரப்பில் ஒருவர், தண்ணீர் தெரிந்த பேராசிரியர் ஒருவர் என்று இரண்டு இடங்களை ஒதுக்கிக் கம்பெனியின் அமைப்பு விதியைத் திருத்தலாம். இருபத்தொரு நாள் நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்கூட்டம் கூட்டி, பதிவாகும் வாக்குகளில் நாலில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால் முடிந்தது. பப்ளிக் லிமிடெட்டாக இருந்தால் வெளியிலிருந்தே ஒருவர் பதினாலு நாள் முன்பு நோட்டீஸ் கொடுத்து, ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் கட்டி இயக்குநர் தேர்தலில் நிற்கலாம். பதிவான வாக்கில் கால் பங்குக்கு மேல் கிடைத்தால் தோற்றாலும் டெபாசிட் திரும்பி வரும். இரண்டு வழியிலும் ஓட்டு இருப்பது டேனரிகளிடம்.