மரம் குட்டையானால் கடல் தூரம்

கயாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் இருக்கும். கண் அதற்கு மேலே முக்கால் மீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், அந்த உயரத்திலிருந்து தொடுவானம் மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையில் ‘பத்தாயிரம் தீவுகள்’ என்று பெயர் பெற்ற அலையாத்திக் கூட்டத்துக்குள் அந்த மூன்று கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. முன்னால் நிற்கும் தீவின் பச்சையும் பின்னால் நிற்கும் தீவின் பச்சையும் ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகத் தெரியும். கால்வாயின் வாய் எங்கே என்பது ஐம்பதடி கிட்டே போன பிறகுதான் புலப்படும். உயரமான பாறை இல்லை, குன்று இல்லை, ஏறி நின்று பார்க்க ஒரு மேடும் இல்லை.

இந்தப் பச்சைச் சுவர்களுக்கு இடையேதான், எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் கரையோரமாக, எவர்கிளேட்ஸ் சிட்டி என்ற சிற்றூரிலிருந்து தெற்கே ஃபிளமிங்கோ வரை 159 கிலோமீட்டருக்கு ஒரு நீர்வழி போகிறது. ஆறு, விரிகுடா, ஓடை, சதுப்பு என்று மாறி மாறி வரும். துடுப்பு போட்டே போகிறவர்களுக்கு எட்டு, பத்து நாள் பிடிக்கும். கொசுவும் இடிமின்னலும் குறைந்த நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இதற்கான காலம். தனியாகவே கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போகிறவருக்கு வழி சொல்ல ஆள் கிடையாது. தண்ணீரும் மரமும் சிப்பியும் என்ன சொல்கின்றன என்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு முழுக்க முழுக்க அறிவியல் என்பதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் பெரிய ஈர்ப்பு.

முதல் பாடம் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும். கயாக்கை ஓர் ஆள் சாதாரணமாக மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் தள்ளலாம். ஆற்றில் ஓத நீரோட்டம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் தூரத்தை நீரோட்டத்தோடு போனால் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். எதிர்த்துப் போனால் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் மணி நேரம். ஆள் அதே ஆள், கை அதே கை. ஆகவே எந்த நேரத்தில் கிளம்புவது என்பது எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட முக்கியமாகிவிடுகிறது.

அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். ஓத அட்டவணை கடற்கரைக்கு எழுதப்பட்டது. கடலில் ஏறும் தண்ணீர் ஆழமில்லாத, கோணல்மாணலான ஓடைகளுக்குள் நுழைந்து, சேற்றிலும் வேரிலும் உரசி, வழியில் உள்ள ஒவ்வொரு குடாவையும் நிரப்பிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். வெளியே ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கிய பிறகும், உள்ளே சில மணி நேரம் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆறுகளை இணைக்கும் ஓடை என்றால் இன்னும் வேடிக்கை. இரு முனையிலிருந்தும் ஓதம் உள்ளே ஏறி நடுவில் எங்கோ சந்திக்கும். பாதி ஓடை வரை முதுகில் தள்ளிய தண்ணீர், மீதிப் பாதியில் முகத்துக்கு எதிரே வரும். பிராட் ஆற்றுக்கும் ஹார்னி ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகலான பாதைக்குத் ‘தீக்கனவு’ என்றே பெயர். நீர் ஏறியிருக்கும்போதுதான் அதற்குள் போக முடியும். நேரம் தவறினால், வேர்களுக்கு நடுவே சேற்றில் படகோடு அமர்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பலத்த காற்று வீசும் நாட்களில் அட்டவணை முற்றிலும் பொய்த்துப்போகும். காற்றே குடாவின் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும்.

இரண்டாவது பாடம் மரம். பூங்காவில் ஷார்க் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் செங்கண்டல் என்ற அலையாத்தி மரங்கள் 15 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கின்றன. ஆற்றில் ஏறிப் போகப் போக மரம் தணியும். உள்ளே தள்ளி, புல்வெளி தொடங்கும் ஓரங்களில் சில இடங்களில் அதே இனம் ஆள் உயரத்துக்குமேல் வளர்வதில்லை. அவை கன்றுகள் அல்ல, முதிர்ந்த மரங்கள். நமக்குத் தெரிந்த டெல்டாக் கணக்குக்கு இது நேர் எதிர். காவிரி மேட்டிலிருந்து வண்டல் சுமந்து வரும். வளம் என்றால் மேலிருந்து வருவது என்றே நாம் பழகியிருக்கிறோம். எவர்கிளேட்ஸில் மேலிருந்து வரும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைமீது தவழ்ந்து வருகிறது. நிலத்தின் சரிவு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். செடிக்கு வேண்டிய பாஸ்பரஸை வழியிலேயே கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பாசியும் புல்லும் உறிஞ்சிவிடும். மாசுபடாத இடங்களில் அந்தத் தண்ணீரில் நூறு கோடிப் பங்குக்கு 10 பங்கு பாஸ்பரஸ்கூட இராது. வளம் வருவது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து, ஓதத்தோடு. விஞ்ஞானிகள் இதைத் தலைகீழ்க் கழிமுகம் என்று அழைக்கிறார்கள். 2005 அக்டோபரில் வில்மா புயல் வீசியபோது, கடலடிச் சேற்றை வாரிக்கொண்டு வந்து காட்டின் தரையில் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் படியவைத்தது. மரங்களை முறித்த அதே புயல், எஞ்சிய மரங்களுக்கு எருவையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆக, திசைகாட்டி தண்ணீரில் விழுந்துபோனாலும் ஒரு குறிப்பு மிச்சம் இருக்கிறது: மரம் குட்டையாகிக்கொண்டே போனால் கடலைவிட்டு விலகிப் போகிறோம்.

படகை வேரோரமாக நிறுத்திப் பார்த்தால் இன்னொன்று தெரியும். செங்கண்டலின் வளைந்த தாங்குவேர்களில் பட்டைமேல் சிறு சிறு புள்ளிகள். அவை மூச்சுத் துளைகள். காற்றே புகாத சேற்றில் புதைந்திருக்கும் வேர் நுனிக்கு ஆக்சிஜன் இந்த வழியாகத்தான் இறங்குகிறது. மேலே கிளையில், விதை காயைவிட்டுப் பிரியாமல் தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்த் துண்டைப் போல நீண்டு தொங்கும். கீழே விழுந்தால் முதலில் படுத்தபடி மிதக்கும். நாள் போகப் போக வேர் முனை கனத்து நிமிர்ந்து நிற்கும். சிப்பித் திட்டு ஒன்றில் தட்டினால் அங்கேயே ஊன்றிவிடும். பத்தாயிரம் தீவுகளில் ஏராளமானவை இப்படிச் சிப்பித் திட்டில் தொடங்கியவை. வேர் சேற்றைத் தேக்கும். சேறு இன்னொரு கன்றைப் பிடித்துக்கொள்ளும். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்க்கும் சுரபுன்னையும் இதே பேரினம்தான். அதுவும் தாய்மரத்திலேயே முளைவிடும்.

இவ்வளவு தண்ணீருக்கு நடுவே குடிநீர் கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம், மொத்தப் பயணத்துக்கும் வேண்டியதைப் படகிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். பாத்திரம் கெட்டியாக இருப்பது அவசியம். உப்புத் தீவுகளில் வாழும் ரக்கூன்களுக்கும் அதே தாகம். மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். கரை இல்லாத இடங்களில் இரவு தங்கத் தண்ணீருக்குமேல் கூரை போட்ட மரப்பரண் கட்டி வைத்திருக்கிறார்கள். சிக்கீ என்பது அதன் பெயர். செமினோல் பழங்குடியினரின் வீட்டைப் பார்த்துச் செய்தது. காய்ந்த மண் உள்ள முகாம்களில் சில, சிப்பி ஓடுகளைக் குவித்து மனிதர் எழுப்பிய மேடுகள். இந்தக் கரையில் வாழ்ந்த கலுசா மக்கள் பயிர்செய்யாமல், மீனையும் சிப்பியையும் நம்பியே ஓர் அரசை நடத்தியவர்கள். அவர்கள் தின்று போட்ட ஓட்டின்மேல்தான் இன்றைய பயணி கூடாரம் அடிக்கிறார்.

முதலையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். முதலையும் அலிகேட்டரும் இயற்கையில் சேர்ந்து வாழும் ஒரே இடம் தென் ஃபுளோரிடா. நன்னீர் பக்கம் அலிகேட்டர், உப்பு நீர் பக்கம் முதலை, நடுவில் இரண்டும். அழிவின் விளிம்பில் உள்ள வேளா மீனின் குட்டிகளும் காளைச் சுறாவின் குட்டிகளும் இந்த ஆறுகளில்தான் வளர்கின்றன.

இந்த அமைப்பு முழுதும் நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையிலான தள்ளுமுள்ளில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மனிதர் நன்னீரின் பக்கத்தைப் பலவீனமாக்கிவிட்டார்கள். வடக்கே கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். 1928-இல் முடிந்த டாமியாமி நெடுஞ்சாலை, தெற்கு நோக்கித் தவழ்ந்த நீருக்குக் குறுக்கே அணைபோலப் படுத்தது. கடல்மட்டமும் உயர்கிறது. 1940-களின் வான்படங்களோடு ஒப்பிட்டால், அலையாத்தி பல இடங்களில் புல்வெளிக்குள் ஏறி வந்திருக்கிறது. உப்பு ஏறிய இடத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மக்கு மண் சிதைந்து தரை அமிழ்கிறது. இது என்னைக் கவலைப்படுத்துகிறது. அமிழ்ந்த மண்ணை மறுபடி எழுப்ப நம்மிடம் வழி இல்லை.

2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பெரியதொரு மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2013-இல் அதே நெடுஞ்சாலையில் ஒரு மைல் நீளத்துக்குச் சாலையை உயர்த்திப் பாலமாக்கினார்கள். அதன் அடியில் புகுந்த தண்ணீர் ஷார்க் ஆற்றின் முகத்துவாரத்தை எட்ட மாதக்கணக்கில் ஆகும். அது போதுமான அளவில் வருகிறதா என்பதை அளக்கப் பூங்காவில் கருவிகள் இருக்கின்றன. சில ஆண்டு இடைவெளிவிட்டு அதே ஆற்றில் துடுப்பு போட்டு ஏறுகிறவர், உப்பு எதுவரை ஏறுகிறது என்பதற்கு அடையாளமாக, வேர்களில் சிப்பி ஆற்றின் எந்த வளைவு வரை ஒட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போகலாம்.