மோட்டாருக்கு மானியம் உண்டு... தக்காளிக்கு?

"இவ்வளவு மானியம் தர்றாங்க, அப்புறம் ஏன் தக்காளி விலை ஏறுது?" சேலத்தில் காய்கறி வாங்குற பலரோட கேள்வி இது.

1990 முதல் தமிழகத்தில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். 45 கிலோ யூரியா மூட்டை, மானியம் போக 266.50 ரூபாய். இதெல்லாம் ஓமலூர் விவசாயியின் சாகுபடிச் செலவைத்தான் குறைக்கும். விலையை முடிவுசெய்வது சந்தை வரத்து. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் தக்காளி இல்லவே இல்லை!

தக்காளிக்கு நாம கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குக் கிடைப்பது சுமார் 33 ரூபாய்தான் என்கிறது 2024-ல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை. மீதி? லாரி வாடகை, கமிஷன், அழுகல், கடைக்காரர் லாபம். (1999-ல் வந்த உழவர் சந்தை இதுக்காகத்தான்.)

2023 ஜூலையில் விலை 100-ஐத் தாண்டியதும், சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது அரசு. நல்லதுதான். ஆனா விலை சரிஞ்சா பறிகூலிகூட கட்டாது. அப்போ மானிய யூரியாவும் செடியோட மண்ணுக்குத்தான்.