வீடு மாறும்போது மீன் தொட்டியை எப்படிக் கொண்டு போவது?



சென்னை கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் வண்ணமீன் தொழிலை நம்பித்தான் பிழைக்கின்றன. நம் கடலூர் மாவட்டத்திலேயே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம், கடலில் வாழும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது.

மீன் வளர்க்கப் பயிற்சி கிடைக்கிறது. ஆனால் பெரிய தொட்டியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றுவது எப்படின்னு யாரும் சொல்லித் தருவதில்லை. மீன் விற்கும் சகோதரிகளிடம் வாடிக்கையாளர்கள் இதையும் கேட்பார்கள். சரியாகச் செய்தால் கூலி வரும். தப்பாகச் செய்தால் கண்ணாடியும் போகும், மீனும் போகும், நம்ம பேரும் போகும்.

எவ்வளவு எடை தெரியுமா?

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி என்றால் 9 கன அடி. அதில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 10 மி.மீ. கண்ணாடி 50 கிலோ, அடியில் போடும் கல் 25 கிலோ சேர்த்தால் மொத்தம் 325 கிலோ! ஆறு பேர் ஏறி நிற்பதற்குச் சமம். எனவே தண்ணீரோடு தொட்டியை நகர்த்தவே கூடாது. கால்வாசித் தண்ணீர் இருந்தாலும் அது ஆடும்போது ஒட்டுப்பசை பிரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத உதவியாளர்கள்

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுவது நல்ல பாக்டீரியாக்கள். அவை தண்ணீரில் அதிகம் இல்லை. வடிகட்டி ஸ்பான்ஜிலும், கல்லிலும், செராமிக் வளையங்களிலும் ஒட்டி வாழ்கின்றன. விருத்தாசலத்துக்காரர்களுக்குச் செராமிக் புதுசா என்ன? மெருகு பூசாமல் சுட்ட வளையத்தில் நுண்துளைகள் ஏராளம். அதுதான் பாக்டீரியாவுக்கு வீடு. இவை காய்ந்தாலோ, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ பாக்டீரியா செத்துவிடும். மறுபடி உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும்.

செய்ய வேண்டியவை

1. முதல் நாள் மீனுக்குத் தீனி போடாதீர்கள். வழியில் கழிவு குறையும்.

2. மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் கால் மணி நேரம் ஆறிய பிறகே தண்ணீரிலிருந்து எடுங்கள். சூடாக எடுத்தால் வெடிக்கும்.

3. பாதித் தண்ணீரைச் சோப்பு படாத டிரம்மில் பிடித்து வையுங்கள். பழைய தண்ணீர் இருந்தால் மீனுக்கு அதிர்ச்சி குறையும்.

4. தண்ணீர் குறைந்ததும் மீனைப் பிடிப்பது சுலபம். ஆக்சிஜன் அடைத்த பையில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கட்டுங்கள். வெயில் படக்கூடாது.

5. ஸ்பான்ஜையும் வளையங்களையும் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்து எடுத்துப் போங்கள்.

6. கல்லை எடுத்த பிறகே தொட்டியைத் தூக்குங்கள். மேல் விளிம்பைப் பிடிக்காதீர்கள், அடியில் கை கொடுங்கள். வண்டியில் பழைய மெத்தை மேல் நேராக வையுங்கள்.

புது வீட்டில்

சுவர் ஓரமாக, வெயில் படாத இடத்தில் ஸ்டாண்டை வையுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு அழுத்தம் கூடும். அடியில் தெர்மாகோல் போடுங்கள். ஸ்டாண்டு ஆடினால் தொட்டியை ஏற்றாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். பிளக்குக்குப் போகும் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். அப்போதுதான் ஒயர் வழியே வரும் தண்ணீர் கீழேயே சொட்டும், பிளக்குக்குள் போகாது.

முதலில் கல், பிறகு பழைய தண்ணீர், வடிகட்டி. குறைவதற்குப் புதுத் தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தை அளவாகக் கலக்கவும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஒரு ராத்திரி காற்று மோட்டார் ஓடட்டும். மீன் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்த பிறகு மீனை மட்டும் உள்ளே விடுங்கள்.

அழகுக்குப் பொம்மை வைக்க ஆசையா? சாயம் பூசிய பொம்மை வேண்டாம், சாயம் கரைந்து மீனைக் கொல்லும். நன்றாகச் சுட்ட, சாயமில்லாத செராமிக் பொம்மையே நல்லது.

முதல் வாரம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

கூலி பேசும்போது தொட்டியின் அளவு, மாடிப்படி, தூரம் மூன்றையும் கேட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். அடுத்த வேலை அந்தத் தெருவிலேயே கிடைக்கும்.