தோணி ஏன் இரண்டு கரையில் நிற்பதில்லை?

கல்முனைக் கடற்கரையில் இழுத்து ஏற்றியிருக்கும் ஒரு தோணி, அதே நேரம் சாய்ந்தமருதுக் கரையிலும் நிற்க முடியுமா? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இப்படிக் கேட்டால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓர் இலத்திரன் ஒரே சமயத்தில் இரண்டு வழியாலும் போகும் என்று பாடம் சொல்கிறது. தோணியும் இலத்திரன், புரோத்தன், நியூத்திரன்களால் ஆனதுதானே. அப்படியானால் விதி எந்த இடத்தில் மாறுகிறது?

எந்த இடத்திலும் மாறுவதாக இதுவரை யாரும் கண்டதில்லை. குவாண்டம் பொறிமுறையின் சமன்பாட்டில் 'இந்தப் பருமனுக்கு மேல் செல்லாது' என்று ஒரு வரியும் கிடையாது. 1935இல் பௌதிகவியலாளர் ஷ்ரோடிங்கர், ஒரே நேரம் செத்தும் சாகாமலும் இருக்கும் பூனையின் கதையைச் சொன்னதே இதைக் குத்திக்காட்டத்தான். அணுவின் நடத்தையைப் பூனைவரை இழுத்தால் எவ்வளவு அபத்தமாகிறது பாருங்கள் என்பதே அவர் வாதம். பூனை மெய்யாகவே செத்தும் சாகாமலும் இருக்கிறது என்று அவர் நம்பவில்லை. யூடியூபில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

இந்த இரட்டை நிலைக்கு மேற்பொருந்துகை என்று பெயர். அப்படியென்றால், பொருள் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்பதல்ல. இரண்டு வழிகளும் சேர்ந்தே அதன் நிலை. அதற்குச் சாட்சி தலையீட்டுக் கோலம். வழிகள் இரண்டும் திறந்திருக்கும்போது திரையில் விழும் வரிகள், ஒன்றை அடைத்தால் மறைந்துவிடும். 1999இல் வியன்னாவில் மார்க்கஸ் ஆர்ன்ட், அன்டன் சைலிங்கர் குழுவினர் 60 காபன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறுகளை வைத்து இந்தக் கோலத்தைப் பிடித்தார்கள். 2019இல் அதே நகரில், ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளுக்கும் அது கிடைத்தது.

தோணிக்கு ஏன் கிடைப்பதில்லை? முதற் காரணம் வெறும் கணக்கு. 500 கிலோ எடையுள்ள தோணி செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் மிதந்தால், குவாண்டம் பொறிமுறை அதற்குத் தரும் அலைநீளத்தை மீற்றரில் எழுத, தசமப் புள்ளிக்குப் பின் 35 பூச்சியங்கள் போட்ட பிறகுதான் முதல் இலக்கம் வரும். ஒரு புரோத்தனோடு ஒப்பிட்டாலும் அது ஒன்றுமேயில்லை. அவ்வளவு சிறிய அலை எந்தத் துளையிலும் கோலம் காட்டாது.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. 2003இல் வியன்னாக் குழு, மூலக்கூறுகள் பறக்கும் வெற்றிட அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டுப் பார்த்தது. வாயு கூடக்கூடக் கோலம் மங்கியது. அடுத்த ஆண்டு இன்னும் அழகான பரிசோதனை. 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசர் ஒளியால் சூடாக்கினார்கள். 1,000 கெல்வின் அளவில் அவை எதுவும் நடக்காததுபோல் தலையீட்டைக் காட்டின. சூடு ஏற ஏறக் கோலம் வெளிறி, 3,000 கெல்வினை நெருங்கும்போது இல்லாமலே போனது. அவற்றை யாரும் தொடவில்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை. சூடான மூலக்கூறு தானே ஒளியை உமிழ்ந்தது. அந்த ஒளி, தான் எங்கிருந்து புறப்பட்டது என்ற தகவலையும் வெளியே கொண்டுபோனது. அதுவே போதுமாக இருந்தது.

தேத்தண்ணிக் கடையில் சொன்ன ரகசியத்தைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. ஒவ்வொரு காற்று மூலக்கூறும் ஒவ்வொரு ஒளித்துகளும் பொருளில் மோதிவிட்டுப் போகும்போது, அது இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லிவிடுகிறது. பார்க்க மனிதர் யாரும் தேவையில்லை. ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குள்ள தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். தன் அகலத்தளவு தள்ளியுள்ள இரண்டு இடங்களில் அது சேர்ந்திருக்கும் நிலை, சாதாரணக் காற்றில் எவ்வளவு நேரம் தாங்கும்? தசமப் புள்ளிக்குப் பின் 30 பூச்சியம் போட்டு ஒன்று எழுதுங்கள், அத்தனை செக்கன். காற்றே இல்லாத விண்வெளியில், பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைகள் மட்டுமே பட்டாலும் ஏறக்குறைய ஒரு செக்கன்தான். உப்புக் காற்றிலும் வெயிலிலும் கிடக்கும் தோணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படித் தகவல் கசிவதைக் கணக்கிட இன்று உலகெங்கும் பயன்படும் சமன்பாட்டில் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் பெயர் இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன். 1976இல் கொரினி, கொசகோவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து அவர் அதை எழுதினார். அதே ஆண்டு லின்ட்பிளாட் தனியே அதே முடிவுக்கு வந்தார். மறு ஆண்டு பைத்யநாத் மிஸ்ராவுடன் சுதர்சன் இன்னொன்றைக் காட்டினார்: ஒரு குவாண்டம் தொகுதியை விடாமல் அளந்துகொண்டே இருந்தால், அது மாறாமல் அப்படியே நின்றுவிடும். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயன்களை வைத்துச் சோதித்தபோது, அடிக்கடி அளக்க அளக்க மாற்றம் குறைந்தது.

ஆகவே பருமன் தனியே எதிரியல்ல, கசிவுதான் எதிரி. கசிவை அடைத்தால் பெரிய பொருளும் வழிக்கு வரும். 2023இல் சூரிச்சில் 16 மைக்ரோகிராம் எடையுள்ள நீலமணிப் படிகம் ஒன்றைத் தனிப்பூச்சியத்தை ஒட்டிக் குளிரவைத்து, ஒரே நேரம் இரண்டு எதிர்த் திசைகளிலும் அதிர வைத்தார்கள். நம் கடற்கரையின் மெல்லிய மணல் ஒன்று ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அதன் அணுக்கள் அசைந்த தூரம் புரோத்தனின் அகலத்தைவிட மிகக் குறைவு. அதையும் மறந்துவிடக் கூடாது.

கசிவு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதா என்றால், இல்லை. இரண்டு சாத்தியங்களில் ஏன் குறிப்பாக இந்த ஒன்று மட்டும் நமக்குக் கிடைத்தது என்பது தீராத வழக்கு. ரோஜர் பென்ரோஸ் போன்ற பௌதிகவியலாளர்கள் ஈர்ப்புதான் பெரிய பொருள்களை ஓரிடத்தில் நிறுத்துகிறது என்கிறார்கள். அதை உறுதிப்படுத்தும் பரிசோதனை இன்னும் வரவில்லை.

தோணிக்கு வாய்க்காத மேற்பொருந்துகை, ஆழ்கடலுக்குப் போகிறவர் கையிலுள்ள ஜீபிஎஸ் கருவிக்கு ஒவ்வொரு நாளும் உழைக்கிறது. செய்மதிகளில் உள்ள ருபீடியம், சீசியம் கடிகாரங்கள் அணுக்களை இரண்டு சக்தி நிலைகளின் சேர்க்கையில் வைத்தே நேரம் காக்கின்றன. செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீற்றர் தள்ளிப்போகும்.

இந்த நுட்பம் கவனமாகக் காக்கப்பட்ட அணுக்களுக்குள்தான் நிற்கும். 37 பாகைச் சூட்டில், வியர்வையோடு கழுத்தில் தொங்கும் மாலைக்குள் நிற்காது. 'குவாண்டம் சக்தி' என்று சொல்லி யாராவது பதக்கமோ கைப்பட்டியோ விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரசபை இப்படிப்பட்ட 10 பொருள்களைச் சோதித்து, அவை கதிர்த்தொழிற்பாடு உடையவை, அணியக் கூடாது என்று மக்களை எச்சரித்தது. அவற்றில் 'குவாண்டம் பதக்கம்' என்ற பெயரிலேயே விற்கப்பட்டதும் ஒன்று.